மாயக்காளின் பூச்சிப் பானை

கரப்பான்பூச்சியைக் கண்டால் மாயக்காளுக்கு ஆகவே ஆகாது. அவள் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டியே தின்னலாம் என்று தெருவில் பேச்சு. எதிர்வீட்டு ஆயம்மாள் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டாள். சொன்னால் தன் வீட்டைத் தானே குறைத்துப் பேசியதாகிவிடுமே. மாயக்காள் கோழி கூப்பிட எழுந்து வாசல் தெளித்தால், அவள் அதற்கு முந்தியே தெளித்துக் கோலமும் போட்டிருப்பாள். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் தெருவில் நின்று சிரித்துப் பேசுவார்கள். ஆனால் ஒருத்தி வீட்டுக்குள் இன்னொருத்தி கால் வைத்ததில்லை. உள்ளே விட்டால் குற்றம் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

அப்படிப்பட்ட மாயக்காள், தன் அடுப்பங்கரையிலேயே ஒரு பானை நிறையக் கரப்பான்பூச்சி வளர்த்தாள். அதற்குக் காரணம் அவள் புருஷன் சோணை.

சோணைக்குப் போடியில் ஏலக்காய் மூட்டைகளைச் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை. காய் வெளுப்பதற்காக அடைத்த அறைக்குள் கந்தகப் புகை போடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்த அறை அவன் பொறுப்பு. ஐம்பத்தாறாம் வருஷம் வைகாசிக் கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, மச்சினன் மொக்கச்சாமியின் ஏலத்தோட்டத்தில் நிழல் மரங்களுக்குக் கிளை கழிக்கக் குரங்கணிக்கு மேலே போனான். அவன் வெட்டித் தள்ளிய கிளையோடு ஒரு தேவாங்கும் வந்து விழுந்தது. வலது கை ஒடிந்து தொங்கியது. வயிற்றைக் கட்டிக்கொண்டு கட்டைவிரல் தண்டிக்கு ஒரு குட்டி. அத்தனை பெரிய கண்ணால் அது பார்த்த பார்வையில் சோணை அரிவாளை மரத்தில் கொத்திவைத்துவிட்டு இறங்கினான். துண்டில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"வெட்டுனவன் நான். விட்டுட்டு வர மனசு வரல" என்றான்.

மாயக்காள் ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி அதைக் கிடத்தினாள். ஈர்க்கைக் கிள்ளி இரண்டு பக்கமும் வைத்து, பழைய வேட்டிக் கிழிசலால் கையைச் சுற்றிக் கட்டினாள். "கை கூடுற வரைக்குந்தான். அப்புறம் அந்தத் தோட்டத்துலயே கொண்டுபோய் விட்டுறணும்" என்றாள்.

கட்டியது சரி, தின்ன வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. வாழைப்பழத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பாலைத் தொடவில்லை. மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் விறகடுக்கிலிருந்து ஒரு கரப்பான்பூச்சி சுவரேறிக் கூடைப் பக்கம் ஓடியது. மாயக்காள் விளக்குமாற்றை ஓங்கினாள். அதற்குள் தேவாங்கு நல்ல கையை நீட்டி அதை லபக்கென்று பிடித்து, தலையிலிருந்து மென்று தின்றது. மாயக்காள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அன்றைக்கே விறகடுக்கைப் பிரித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அகப்பட்ட பூச்சியையெல்லாம் ஒரு பானைக்குள் போட்டாள்.

எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது. பானையின் கழுத்துக்கு உட்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு விளக்கெண்ணெய் தடவினாள். ஏறி வருகிற பூச்சி அந்த இடத்தில் வழுக்கிக் கீழே விழுந்துவிடும். எறும்பு அண்டாமல் பானையைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்தாள். முதுகும் வயிறும் ஒருசேர உரசுகிற சந்துதான் அதுகளுக்குப் பிடிக்கிறது என்று நாலே நாளில் கண்டுபிடித்து, உள்ளே குச்சிகளை நிறுத்தி, அவற்றுக்கு நடுவே சாக்குத் துண்டுகளை அடுக்கடுக்காகச் செருகினாள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் விழுந்து சாகிறதென்று தேங்காய் நாரை நனைத்து வைத்தாள். தீனிக்குத் தவிடு, பழத்தோல், ஒரு துணுக்குக் கருப்பட்டி. கதகதப்புக்கு அடுப்போரம். வாரம் ஒருதடவை எல்லாவற்றையும் வேறு பானைக்கு மாற்றி, அடியில் கிடக்கும் கசடைச் சலித்து, உளுந்துக்குக் கொஞ்சம் பெரிதான முட்டைக் கூடுகளைப் பொறுக்கித் திரும்ப உள்ளே வைப்பாள். பின்பக்கம் கூடு துருத்திக்கொண்டிருக்கிற பூச்சியைத் தேவாங்குக்குக் கொடுக்கவே மாட்டாள்.

"அது பிள்ளத்தாச்சி. அதை விட்டுட்டு வேற எடுங்க" என்பாள்.

சோணை அதை விட்டுவிட்டு வேறு எடுப்பான். ஒருநாள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்த பூச்சி ஒன்றைக் காட்டி, இதற்கு ஏதோ சீக்கு என்றான். சட்டை உரிக்கிறது, பொழுது சாய்வதற்குள் கருத்துவிடும், தொடாதீர்கள் என்றாள். சொன்னபடியே கருத்தது. இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும், இவளுக்குள் இப்படி ஒரு கெட்டிக்காரி இருந்தது தெரியாமல்போயிற்றே என்று அவனுக்குப் பெருமையாகவும் வெட்கமாகவும் இருந்தது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய ஆசைதான். அவள்தான் சத்தியம் வாங்கியிருந்தாள். தேவாங்கு இருப்பது தெருவுக்கே தெரியும், அது பழம் தின்கிறது என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. பானை விஷயம் ஆயம்மாள் காதுக்குப் போனால் மாயக்காள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

ஆடி பிறந்தது. கணவாய் வழியாகக் காற்று அள்ளிக்கொண்டு வீசியது. கை கூடி வந்தாலும் இந்தக் காற்றில் கிளை பிடித்து நிற்காது, ஆடி கழியட்டும் என்றிருந்தார்கள். ஆடிக் கடைசியில், பக்கத்து ஊரான தேவாரத்தில் மாயக்காளின் அக்காவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. நாரை நனைக்கவும் தவிடு போடவும் சொல்லிவிட்டு மாயக்காள் பஸ் ஏறினாள்.

சோணை சொன்னதோடு நின்றிருக்கலாம். பானையிலிருந்த சாக்குத் துண்டுகள் அழுக்கேறிக் கிடந்தன. அவள் வருவதற்குள் மாற்றி வைத்து நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான். கிட்டங்கியிலேயே சுத்தமான சாக்கு எது என்று யோசித்தான். புகையறையில் விரித்துக் கிடப்பதுதான். அதில் ஓர் எறும்புகூட ஊர்ந்து அவன் பார்த்ததில்லை. ஏன் ஊர்வதில்லை என்று அவனுக்குத் தோன்றவில்லை. அந்தச் சாக்கை வெட்டிப் பானை நிறையச் செருகி, நாரையும் நன்றாக நனைத்து, பானை வாயைத் துணியால் கட்டிவிட்டு வேலைக்குப் போனான்.

மறுநாள் மாயக்காள் வாசற்படி ஏறும்போதே நின்றுவிட்டாள்.

"என்ன கந்தக வாடை இது?"

"வாடையா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான் சோணை. பன்னிரண்டு வருஷப் புகையில் அவன் மூக்கு அந்த வாடையை வாடையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

துணியை அவிழ்த்தால், பெரிசும் குஞ்சுமாக அத்தனையும் மல்லாந்து கிடந்தன. அவள் முட்டைக் கூடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்தாள்.

"இது பொரிக்க மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்த உசுரு எதைத் திங்கும்?" என்றாள்.

செத்த பூச்சியைத் தேவாங்கு ஏறெடுத்தும் பார்க்கவில்லை, ஓடுகிறதைத்தான் பிடிக்கும். வீட்டுப் பூச்சியையெல்லாம் முதலிலேயே பானைக்குள் போட்டாயிற்று. கிட்டங்கியில் கந்தகத்துக்குப் பயந்து ஒன்றும் தங்குவதில்லை. சோணை தோட்டம் துரவெல்லாம் அலைந்து மூன்று வெட்டுக்கிளி பிடித்து வந்தான். அந்தக் காற்றில் எந்தப் பூச்சி பறக்கும்? மூன்றாம் நாள் தேவாங்கு கூடையின் மூலையில் சுருண்டு கிடந்தது. பால் வற்றிக் குட்டி கீச்சுக் கீச்சென்று கத்தியது. கையை ஒடித்ததும் நான், வயிற்றில் அடித்ததும் நான் என்று சோணை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

மாயக்காள் எழுந்தாள். கழுவிக் காயவைத்திருந்த பானையை இடுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"வீடு வீடாக் கேக்கப் போறேன்."

ஒரு பெண்ணிடம் போய் உன் வீட்டில் கரப்பான்பூச்சி இருக்கிறதா என்று கேட்பது சண்டைக்கு இழுக்கிற பேச்சு. அவன் பின்னாலேயே ஓடினான். தெரு நடுவே குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள், ஆயம்மாளும் நின்றாள். மாயக்காள் பானையை எல்லோர் முன்னாலும் இறக்கி வைத்தாள்.

"நான் வீட்டுல கரப்பான்பூச்சி வளத்தேன். ரெண்டு மாசமா அடுப்பங்கரையில வச்சு வளத்தேன். தேவாங்குக்கு அதுதான் தீனி. எல்லாம் செத்துப்போச்சு. தாயும் குட்டியும் பட்டினி கிடக்கு. யாரு வீட்டுலயாவது இருந்தா உசுரோட பிடிச்சுக் குடுங்க, ஆத்தா."

அவள் தலை குனியவில்லை. சோணைக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊர் மெச்ச வைத்திருந்த பெயரை ஒரு வாயில்லாச் சீவனுக்காக நடுத்தெருவில் போட்டு உடைக்கிறாளே, இந்த மனசு எனக்கு வருமா என்று நினைத்தான்.

சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆயம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொழுது சாயச் சாய ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ராக்கு ஒரு தீப்பெட்டியில் இரண்டு கொண்டுவந்து, மச்சினி வீட்டில் பிடித்தது என்றாள். கருத்தம்மா கொண்டுவந்த ஒன்று டீக்கடையில் பிடித்ததாம். யார் வீட்டிலும் பூச்சி இல்லை. பூச்சி மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஆனாலும் ஏழெட்டுக்கு மேல் தேறவில்லை. நீட்டிய முதல் பூச்சியைப் பிடிக்கக்கூடத் தேவாங்குக்குத் தெம்பில்லை, அது ஓடிப்போயிற்று.

அப்போது வாசலில் நிழலாடியது. ஆயம்மாள் ஒரு செம்போடு நின்றாள், செம்பின் வாயைத் துணியால் கட்டியிருந்தாள். செம்புக்குள் சரசரவென்று சத்தம். தலையெல்லாம் ஒட்டடை, புடவையெல்லாம் கரி.

"நாப்பதுக்கு மேல இருக்கும் மதினி" என்றாள். மாயக்காள் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "எங்க வீட்டுதுதான். பரண்ல இருந்துச்சு. நான் கூட்டிப் பெருக்குறதெல்லாம் பாக்குறவங்க கண்ணுக்குத் தெரியுற இடந்தான்."

மாயக்காள் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். "பிள்ளத்தாச்சி வேண்டாம்" என்று முணுமுணுத்தபடி செம்பிலிருந்து வேறொன்றை எடுத்துக் காலைப் பிடித்தபடி தேவாங்கின் வாயருகே வைத்தாள். பூச்சி மீசையை ஆட்டியது. தேவாங்கு மெதுவாகக் கண்ணைத் திறந்தது. ஒடிந்து கூடிய அந்த வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டது.

மாயக்காள் அழுதுவிட்டாள். கை ஓடாமல் அவள் அப்படியே உட்கார்ந்திருக்க, ஆயம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு செம்புக்குள் கையை விட்டு அடுத்த பூச்சியை எடுத்தாள்.

"இதுல பிள்ளத்தாச்சி எதுன்னு சொல்லிக் குடு மதினி" என்றாள்.