வானத்துத் தகரம்

தோக்தார் சறுக்குவண்டியின் முன்னால் கைகளை விரித்து மறித்து நின்றான்.

"இந்தத் தகரத்துல என் அண்ணனை ஏத்த விடமாட்டேன் அண்ணி."

குல்யாஷ் கயிற்றை விடவில்லை. இரவெல்லாம் பனி கொட்டி, இடுகாட்டுக்கு எடுத்துப்போக வந்த லாரி ஊர் எல்லையிலேயே புதைந்துவிட்டது. வீட்டுக்குள் அவள் கணவர் ஜானபிலைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். இருட்டுவதற்குள் மண்ணில் வைத்தாக வேண்டும். மரவண்டி அமுங்கிவிடும். கஸாக் புல்வெளியில் விழுந்த ராக்கெட் துண்டை அடித்து வளைத்து அவர் செய்த இந்த வண்டிதான் பனிமேல் மிதக்கும்.

"உங்கண்ணன் கையால செஞ்சது, சின்னவரே."

கணவனின் தம்பியை மருமகள்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

"இது விழுந்த புல்லைத் தின்னுதான் என் ஆடெல்லாம் செத்துச்சு. வானத்துக்குப் போறவன் போகட்டும், கழட்டி விடற துண்டை ஏன் நம்ம தலையில போடறான்? இங்க கிணத்துத் தண்ணி கசக்குது. அவனுங்க செவ்வாயில தண்ணி தேடறானுங்க!"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதை அவர்கிட்டயும் சொன்னீங்க. அவர் என்ன சொன்னார்?"

தோக்தார் விரித்த கைகளைத் தாழ்த்தினான்.

ராக்கெட் கிளம்பும் நாளில் ஊரே வீட்டுக்குள் போய்விடும். ஜானபில் மட்டும் வாசலின் வலதுபக்கம் நிற்பார், துணைக்கு இடதுபக்கம் குல்யாஷ். தம்பி இதைச் சொன்ன அன்று அவனிடம், "இவ்வளவு பெரிய இடத்துல நாம மட்டும்தானான்னு யாராவது போய்ப் பார்க்க வேணாமாடா? அது தெரியாமலே நான் போயிடுவேன், அதான் கஷ்டம்" என்றார்.

தோக்தார் தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றித் தகரத்தின்மேல் விரித்தான்.

"இதுமேல படுக்கட்டும்."

குதிரையைப் பூட்டினார்கள். இடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. வெண்மையில் ஆண்கள் புள்ளிகளாகி மறையும்வரை குல்யாஷ் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பெண்கள் இறந்தவர் பெயரில் எண்ணெயில் ரொட்டி சுட்டார்கள்.

வெளிச்சம் மங்கும்போது தோக்தார் நடுங்கிக்கொண்டு வந்தான். கோட்டு வண்டியிலேயே கிடந்தது. அதன் ரோமம் ஓர் ஆள் நீளத்துக்கு அமுங்கியிருந்தது.

"போட்டுக்குங்க சின்னவரே, குளிருது."

"இருக்கட்டும் அண்ணி." உள்ளே போய்விட்டான்.

தூரத்தில் நிலம் உறுமியது. ஒளிக்கோடு ஒன்று எழுந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

"அக்கா, உள்ள வாங்க. டீ ஆறுது" என்று உள்ளிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"வரேன்."

குல்யாஷ் அண்ணாந்து பார்த்தாள். வாசலில் எப்போதும்போல இடதுபக்கமாக ஒதுங்கியே நின்றிருந்தாள். வலதுபக்கத்தின் வழியே பனிக்காற்று வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.