அப்பா தண்ணீர் ஊற்றிய இடம்

1
இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. புது மின்சாரக் காரின் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தபோது "எனக்கென்ன தெரியும்?" என்று அண்ணனிடம் சொன்னேன். நான் இயற்பியல் படித்தவள். தெரியும்.

(முதல் வரைவு: “மின்வாரியத்தின் அலட்சியத்தால் அன்று—” அடித்துவிட்டேன். அளந்தபோது வோல்டேஜ் சரியாகவே இருந்தது.)

2
எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப்பை லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தார். பளிச்சென்று எரிந்தது. லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார். மங்கிப்போய் மினுங்கியது.

"சப்ளை நல்லாத்தான் இருக்கு. எர்த்துதான் படுத்துது. எர்த் குழி எங்கம்மா?"

அப்பா போய் மூன்று வருடம். அம்மா கொஞ்சம் யோசித்தாள். "தினமும் ஒரு வாளி தண்ணி ஊத்துவாரு. செடியே இல்லாத இடத்துல ஏன் ஊத்துறீங்கன்னு கத்துவேன். என் செடி கீழ்ப்பக்கமா வளருதுடிம்பாரு."

"அதான் எங்க?"

அம்மா காருக்கு அடியில் கையைக் காட்டினாள். போன மாதம் கார் நிறுத்த அண்ணன் போட்ட டைல்ஸ்.

"நல்லா சமாதி கட்டிட்டீங்க தம்பி. மழைத் தண்ணிகூட இறங்கலேன்னா எர்த் எப்படி வேலை செய்யும்?"

எலக்ட்ரீஷியன் மட்டும் சிரித்தார்.

3
[இங்கே அப்பாவைப் பற்றி நீண்ட பத்தி ஒன்று இருந்தது. அழகாக வந்துவிட்டதால் எடுத்துவிட்டேன். மிச்சம் இது: குழியில் கரியும் உப்பும் கொட்டிய கையோடு எனக்கு மீசை வரைந்தார். அன்று முழுக்க நான் முகம் கழுவவில்லை.]

டைல்ஸ் போட்ட அன்று அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். கொத்தனார் குழியின் மூடியைத் தட்டி, "இது வேணுமா பாப்பா?" என்றார். வேலையாட்கள் நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே—

இல்லை. வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர்கள் பார்ப்பதை நிறுத்தினால் போதும் என்றிருந்தது.

4
"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டா என்னடா? அவர் கையால வெச்சது" என்றாள் அம்மா.

"தப்புதாம்மா" என்றான் அண்ணன். கொத்தனாரிடம் அவன் விசாரித்ததே இல்லை.

"பின்பக்கம் புதுசா எர்த் கம்பி அடிச்சிரலாம். இல்ல, டைல்ஸை உடைக்கணும். சீக்கிரம் சொல்லுங்க" என்றார் எலக்ட்ரீஷியன்.

முடிவு அ: புதுக் கம்பி. நான் பேசவில்லை. அம்மா அண்ணனுக்குச் சாப்பாடு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை.

முடிவு ஆ: "நான்தாம்மா" என்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு வாக்கியம் வரவில்லை.

இரண்டிலும் சார்ஜரில் பச்சை விளக்கு எரியும். ஆகவே சார்ஜரைக் கேட்டுப் பயனில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்த வீட்டில் நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அம்மா. அடுத்த அறையில்தான் இருக்கிறாள்.