உப்பு ஏறிய தொட்டி

இன்றைக்குத் தொட்டித் தண்ணீர் இருபத்தேழு டிகிரி. சொன்னதும் ‘பரவாயில்லையே சில்வி’ என்பார். அந்தச் சந்தோஷத்திலேயே மற்றதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் இருபத்தேழு. அப்புறம் பவளம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த சில்வியா, புடவைகூட மாற்றாமல் கூடத்துத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, கணவனின் ஃபோனுக்குக் காத்திருந்தாள். யேசுராஜ் பிரான்சுக்குப் போய் மூன்று வருடமாகிறது. “நான் வர்ற வரைக்கும் பாத்துக்க” என்று நான்கடி நீளக் கடல்நீர்த் தொட்டியையும் அதிலிருந்த பவளங்களையும் மீன்களையும் அவளிடம் விட்டுப் போனான்.

முதல் வருடம் பேச நிறைய இருந்தது. பிறகு தொட்டி மட்டும் மிஞ்சியது. அதன் கரண்டை எப்படிக் குறைப்பது என்பதுதான் அவர்களுடைய கொஞ்சலும் சண்டையும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர்தான் அதிகம் இழுக்கிறது, அதை மத்தியானம் மட்டும் போடு என்றான். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, தண்ணீரின் மேல் காற்றுப் படுகிற மாதிரி இரண்டு சின்ன ஃபேன் வை என்றான். தரையிலிருக்கும் பம்ப் தண்ணீரை மேலேற்றத் திணறுகிறது, அதை உயர்த்தி வைத்து வேகத்தைப் பாதியாக்கு என்றான். ஒவ்வொன்றையும் செய்து படம் எடுத்து அனுப்பினாள். ஒருமுறை ‘கெட்டிக்காரி’ என்று பதில் எழுதினான். அதை அவள் இன்னும் அழிக்கவில்லை.

ஃபேன் காற்றில் தொட்டி குளிர்ந்தது. ஆனால் தினம் அரை வாளித் தண்ணீர் ஆவியாகிப் போயிற்று. கருக்களாச்சேரியிலிருந்து ஆட்டோவில் மீன் ஏற்றி வரும் முத்து முகம்மதுதான் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

“மீனுக்கு ஃபேன் போட்ட வீடு காரைக்கால்லயே ஒங்க வீடுதான்க்கா. எங்க வீட்ல அது கொழம்புல கெடக்கு.”

“எங்க வீட்டுக்காரரு காதுல விழப்போவுது. ஏசி வைக்கச் சொல்லுவாரு.”

கடல் தொட்டிக்குக் கடல் தண்ணீர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு மாதத்தில் பவளங்கள் சுருங்கின, பிறகு ஒவ்வொன்றாகக் கரைந்தன. நேற்று, அடுப்பில் சுண்டிப்போன ரசத்தை நாக்கில் வைத்தபோதுதான் சுரீரென்றது. காற்றில் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே கிடக்கிறது. நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்தில், நாள் தவறாமல் உப்பைச் சேர்த்திருக்கிறாள்.

ஃபோன் அடித்தது.

“இருபத்தேழுங்க.”

“ம்.”

அந்த ‘ம்’முக்கு மேல் அவளால் காத்திருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு டிகிரி ஏறினாலே கத்துகிற மனிதன்.

“போவட்டும் விடு” என்றான்.

“ரெண்டு வார்த்த திட்டுங்கங்க.”

“எதுக்குத் திட்டணும்? ஒரு வகைல நல்லதாப் போச்சு. சில்வி, நான் இங்கேயே இருந்துடலாம்னு இருக்கேன். ஒனக்கே தெரிஞ்சிருக்கும்.”

“தனியாவாங்க?”

“பம்ப அணைச்சிரு. சாயங்காலம் முத்து முகம்மது வந்து தண்ணிய எறைச்சுட்டு, தொட்டிய எடுத்துக்குவான். அவங்கிட்ட போன வாரமே சொல்லிட்டேன். எதுக்கு வெட்டியா கரண்டு?”

போன வாரமே. நேற்றுக்கூட முத்து முகம்மது கேனை இறக்கி வைத்துவிட்டு, கேலி எதுவும் பேசாமல் போனான். அவளுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தொட்டிக்குள் பச்சைப் பவளம் ஒன்று மட்டும் பாதி சுருங்கியும் உயிரோடிருந்தது. அதன் ஓரத்தில் கோமாளி மீன் ஒன்று. பம்ப் ஓடும் வரைதான் இரண்டுக்கும் மூச்சு.

“அணைச்சியா?”

ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். சமையலறையில் குடிக்கிற தண்ணீர் ஒரு சொம்பு பிடித்து வந்து, ஃபேனுக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

“சில்வி, ஒன்னத்தான்.”

“இல்லங்க” என்றாள். “முத்து முகம்மத வர வேணாம்னு சொல்லிடுங்க.”