துளை இல்லாத பெட்டி

துளை அந்தப் பக்கம் இருக்கும். கண்டிப்பாக இருக்கும். நான் நிற்கிற இடத்திலிருந்து தெரியவில்லை, அவ்வளவுதான். ஐலெவ் மறக்கிற ஆள் இல்லை.

தோருன் இடப்பக்கம் நகர்ந்து கேஸ் உலையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். ரொட்டி அளவிலான இரும்புப் பெட்டி உள்ளே சிவந்துகொண்டிருந்தது. சுற்றிலும் வெல்டிங் வைத்து மூடிய பெட்டி. மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஊசி நுழைகிற இடைவெளிகூட இல்லை.

வடக்கே குடிபோகிற நண்பன் ஊட்வாருக்கு ஒரு கத்தி செய்து கொடுப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமைகளில் இந்தப் படகுக் கொட்டகையில் கூடுகிறவர்கள் ஆளுக்கொரு பழைய இரும்பைக் கொடுக்க வேண்டும். ஐலெவ் டிரில் மெஷினின் முறிந்த துளைக்கம்பிகளைக் கொடுத்தான். குட்முன் தன் மொபெட்டின் பல்சக்கரத்தை நறுக்கிக் கொடுத்தான். தோருன் கொடுத்தது சைக்கிள் செயின். எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, இடுக்குகளில் எஃகுத் தூளை நிரப்பி, மூடி, வெளிர்மஞ்சளாகக் காய்ச்சி அடித்தால் ஒரே உடம்பாகிவிடும். தீட்டி அமிலத்தில் முக்கும்போது அவரவர் இரும்பு அலகில் கோலமாகத் தெரியும்.

உள்ளே இருப்பது எண்ணெயும் ஈரமும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்படியும் ஏதாவது தங்கியிருந்தால் ஆவி வெளியேற ஒரு சின்னத் துளை விட வேண்டும். இல்லையென்றால் பெட்டி வெடிக்கும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே ஐலெவ்தான்.

காலையில் செயினைத் தொட்டபோது விரல் கறுத்தது. சோப்புத் தண்ணீரில் கழுவினாள். படகுக்கு நேரமாகிவிட்டது. அடுப்பில் வைத்து உலர்த்தாமல் துணியால் துடைத்து எடுத்து வந்துவிட்டாள். துணி போகாத இடம் செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் உண்டு. துளைதான் இருக்கிறதே என்று படகில் வரும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"வெல்டிங்கைப் பாரு, வெண்ணெய் தடவின மாதிரி," என்றான் குட்முன், வாயில் வாஃபிளோடு. "எறும்புகூட உள்ள போகாது."

"வெல்டு வெச்சது நானு. ராவி விட்டது மட்டும்தான் நீ," என்றான் ஐலெவ்.

"உன் வெல்டு கோழி கிளறின மாதிரி இருந்துச்சுய்யா. நான் ராவலேன்னா ஊட்வார் அழுதிருப்பான்."

தோருன் சிரிக்க முயன்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

"ஐலெவ், துளை எந்தப் பக்கம் விட்டீங்க?"

"பின் மூலையில. ஏன்?"

"அந்தப் புள்ளியா?" என்றான் குட்முன். "பூச்சி கடிச்ச மாதிரி அசிங்கமா இருந்துச்சு. ஒரு சொட்டு வெல்டு வெச்சு மூடிட்டேன்."

ஐலெவ் தாடியைச் சொறிந்தான்.

"முட்டாப் பயலே. அது ஆவி போறதுக்கு விட்டதுடா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சரி விடு. எல்லாரும் நல்லா காயவெச்சுத்தானே குடுத்தீங்க? துளைக்கம்பிய நான் சூடு பண்ணித்தான் போட்டேன்."

"என்னோடது ரெண்டு நாளா ஹீட்டர் மேலதான் கிடந்துச்சு," என்றான் குட்முன்.

"தோருன், உன் செயினு?"

போன குளிர்காலத்தில் ஒருவன் வந்திருந்தான். துத்தநாகம் பூசிய குழாயைத் தெரியாமல் உலையில் வைத்துவிட்டான்; நச்சுப் புகையில் எல்லோரும் வெளியே ஓடினார்கள். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அவன் பெயர் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. 'நாகக் குழாய்' என்றுதான் சொல்கிறார்கள், சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். வாரம் முழுக்க இந்த ஒரு சனிக்கிழமைக்காகவே அவள் காத்திருக்கிறாள் என்பது இவர்களுக்குத் தெரியாது.

"காஞ்சுதான் இருந்துச்சு," என்றாள்.

பின்னுக்கு நகர்ந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று அங்கேயே நின்றாள். எத்தனை பெரிய பயம் இருந்தாலும் அதைவிடச் சின்ன வெட்கம் ஒன்று வந்து அதன் வாயைப் பொத்திவிடுகிறதே என்று நினைத்தாள்.

பெட்டி ஆரஞ்சு நிறமாகியது. தட்டையாக இருந்த மேல்பக்கம் இப்போது தட்டையாக இல்லை. அவள் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள். பாதுகாப்புக் கண்ணாடிக்குள் தெரியும் வெக்கை அலையா? இல்லை. அடுப்பில் வைத்த மாவைப் போல நடுப்பகுதி மெதுவாக மேலெழுந்திருந்தது.

"நேரமாச்சு," என்று ஐலெவ் நீளமான இடுக்கியை அவள் கையில் வைத்தான். "முதல் தடவை எடுக்கறது கடைசியா வந்து சேந்தவங்கதான். அது நம்ம வழக்கம். பக்கவாட்டுல நின்னு எடு, நேரா அடைகல்லு மேல வை. முதல் அடி நான் போடறேன்."

"தவற விட்டா ஊட்வாருக்கு வெண்ணெய்க் கத்திதான்," என்றான் குட்முன்.

இடுக்கி கனத்தது. அடைகல்லின் மேல் அந்த உப்பிய பெட்டி. ஐலெவின் சுத்தி இறங்குகிறது. உள்ளே அடைபட்ட ஆவியும் தூளும் எந்தப் பக்கம் வழி தேடும்? அவன் முகம் அங்கேதான் இருக்கும், அந்தத் தாடி, அந்தச் சிரிப்பு.

"எடுக்க மாட்டேன், ஐலெவ்."

"என்னது?"

"செயின் ஈரம். பொய் சொல்லிட்டேன். மேல்பக்கம் பாருங்க, உப்பியிருக்கு."

குட்முன் வாஃபிளை மெல்வதை நிறுத்தினான். ஐலெவ் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அவசரம்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"கொஞ்சம்தான் உப்பியிருக்கு. இன்னும் சூடாகறதுக்குள்ள வெளிய எடுத்து ஒரு ஓரத்துல போட்டுடறேன். நீ தள்ளி நில்லு. இடுக்கியக் குடு."

அவன் கையை நீட்டினான். பருத்த, தழும்பேறிய கை. எத்தனையோ சனிக்கிழமை அவளுக்கு ஆணியையும் சுத்தியையும் எடுத்துக் கொடுத்த கை.

"குட்முன், வெளிய இருக்கற கேஸ் சிலிண்டரை மூடு," என்றாள் தோருன். அவன் ஏற்கெனவே கதவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

"குடுன்னு சொல்றேன்ல."

அவள் இடுக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இது இல்லாமல் அவன் அந்தப் பெட்டியை நெருங்க முடியாது. உலையின் இரைச்சலில் அவள் குரல் அவனுக்குக் கேட்டிருக்காது, உதடு அசைந்தது மட்டும் தெரிந்திருக்கும்.

"தர மாட்டேன்."