வாயுவை மூடிய பிறகு

"ஆபரேஷன் பாதியில முழிச்சு என் கத்தியில துள்ளினா யாரு பதில் சொல்றது?" என்று அஸ்கார் டாக்டர் கேட்டபோது, புருலாய் ஊசிப் பம்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நரின் என்ற மலையூர் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கும் டாக்டர் அவள். நான் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் நர்ஸ் ஜிப்பார். அந்தப் பம்ப் வலி மருந்தை ஓயாமல் ரத்தக் குழாயில் விட்டுக்கொண்டே இருக்கும். அது ஓடும்போது தூங்கவைக்கும் வாயு கொஞ்சம் போதும். வாயுவை மூடினால் ஆள் சீக்கிரம் விழிப்பார், வலி மட்டும் தெரியாது.

"துள்ள மாட்டாரு அண்ணே. சொன்னா காலை அசைப்பாரு. அவ்வளவுதான்," என்றாள் புருலாய்.

டாக்டர் வாயுவை மட்டுமே நம்பி வளர்ந்தவர்.

குப்புறக் கிடந்தவர் புருலாயின் கணவனுக்கு அண்ணன். குதிரைமேல் இருந்தபடி ஆட்டுடலைப் பறித்து ஆடும் கோக்போரு ஆட்டத்தில் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டவர். எலும்பில் திருகாணிகள் ஏற்றியாகிவிட்டது. ஒன்று நரம்பில் பட்டிருந்தாலும் கால் அசையாது, இப்போதே கழற்றியாக வேண்டும். தைத்து முடித்த பிறகு தெரிந்தால், மனுஷன் ஆயுசுக்கும் குதிரை ஏற முடியாது.

புருலாய் வாயுவை மூடினாள். சற்றுப் பொறுத்து அவர் காதருகே குனிந்தாள். "பெரியவரே, காலை அசைங்க."

ஒன்றுமில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். கால்கள் கட்டை மாதிரி கிடந்தன.

"பேரைச் சொல்லிக் கூப்பிடும்மா," என்றார் டாக்டர். "உங்க வீட்டுல பெரியவருக்கா பஞ்சம்?"

அவள் காது சிவந்தது. மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் நாக்கில் ஏறியதில்லை. அதே பெயரில் வேறு நோயாளி வந்தால்கூட 'மூணாம் கட்டில்' என்பாள். எவ்வளவு படித்து என்ன, புகுந்த வீடு புகுந்த வீடுதான்.

"நான் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"வேணாம் ஜிப்பார். என் குரலுக்குத்தான் அசைக்கணும்னு காலையில சொல்லிவச்சிருக்கேன்."

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"தூலோபெர்தி! காலை அசை!"

மலைச்சரிவில் போகிற குதிரைக்காரனை நிறுத்துகிற குரல் அது. மரியாதையும் அதோடு பறந்துவிட்டது.

வலது கால் அசைந்தது.

"தூலோபெர்தி, இன்னொண்ணு!"

இந்தத் தடவை தயங்கவே இல்லை. இடது குதிகால் குதிரையின் விலாவில் இடிப்பதுபோல் இடித்ததில் மேலே போட்டிருந்த பச்சைத் துணி நழுவித் தரையில் விழுந்தது. முதுகு இம்மியும் அசையவில்லை. நான் மாஸ்க்குக்குள்ளேயே அழுதேன், சந்தோஷத்தில்.

"ஜெயிச்சுட்டம்மா," என்றார் டாக்டர். "தூங்க வை. நான் தைக்கிறேன்."

புருலாய் வாயுவைத் திறந்தாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, வீட்டுப் பெரியவர்களுக்கு மருமகள் செய்வதுபோல் தன் முழங்காலில் கைவைத்து, அந்தக் கால்களுக்குக் குனிந்து வணங்கினாள். தூக்கத்திலும் குதிகால்கள் லேசாக உதைத்துக்கொண்டிருந்தன.