குவாரி ஜீப்பின் அடிப்பக்கம்

பூட்டைத் தானே செய்து, தானே பூட்டி, அப்புறம் மூன்று தடவை இழுத்தும் பார்க்கிற ஆள் பூட்டுக்காரர். அந்தக் குணம்தான் போன வாரம் அவர் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது.

பாலம் வெள்ளத்தோடு போனதிலிருந்து ஆற்றுப் பாறைகளைத் தாண்ட நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பை விட்டால் வேறு வழி கிடையாது. வாத்தியார் ஒருத்தர் தன் பழைய ஜீப்பை விற்க நின்றார். பூட்டுக்காரர் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தார். எல்லாம் புதுத் தார். கூட வந்த மச்சினன் வெல்டர். அவன் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "கணீர்னு இருக்கு மாமா, எடுங்க" என்றான். இவர் எடுக்கவில்லை. துருவை மறைக்கத்தான் வாத்தியார் தார் பூசியிருக்கிறார், மச்சினனுக்கும் இதில் ஏதோ கிடைக்கிறது என்று கணக்குப் போட்டார். மறுநாளே வேறொருவன் அதை வாங்கி ஆற்றில் இறக்கி அக்கரை ஏறிப் போய்விட்டான். ஒரு ஆட்டம் இல்லை, அசைவு இல்லை.

ஊரில் இருந்த ஒரே வாடகை ஜீப் ஞாயிற்றுக்கிழமை அச்சு முறிந்து படுத்தது. பூட்டுக்காரர் சம்சாரத்துக்கு அக்கரை ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். திங்கட்கிழமை போக முடியவில்லை. இன்று வியாழன். கால் இரண்டும் வீங்கிப் பளபளக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று நாளாக நாற்காலியை விட்டு எழவில்லை. நர்ஸ் போனில் பளிச்சென்று சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கொண்டாந்துடுங்க. இங்க ஆம்புலன்ஸும் கிடையாது. நாளைக்குன்னா நான் பொறுப்பில்ல."

காலையிலேயே மச்சினனோடு கல்குவாரிக்குப் போனார். கொட்டகை மூலையில் ஒரு ஜீப். ஜல்லி கழுவும் தண்ணீரில் வருஷக்கணக்கில் நின்ற வண்டி.

"அதை நான் விக்கிறதா இல்லையே பெரியவரே. பழைய இரும்புக்குப் போட வச்சிருக்கேன்" என்றார் குவாரிக்காரர்.

விற்கவில்லை என்று சொல்லி விலையை ஏற்றுகிறான் என்று நினைத்தார் பூட்டுக்காரர். "ஓடுதா?"

"ஓடும். இன்ஜின் நல்ல இன்ஜின். அதைத் தாங்குற உடம்புதான் இல்ல. குனிஞ்சு பாருங்களேன்."

குனிந்தார். வண்டி முழுதையும் தாங்கும் சேஸிஸ் சட்டத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினார். ஈரமண்ணில் போவது போல் பிடிவரைக்கும் போனது. துரு பொலபொலவென்று கண்ணிலேயே கொட்டியது. இந்த ஆள் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

"இரும்பு எடைக்குக் குடுங்க" என்றார்.

"மாமா, இதுல அக்காவை ஏத்தப் போறீங்களா?"

"வேற எதுல ஏத்தச் சொல்றே? உன் தோள்லயா?"

"என் தோள் இதைவிடக் கெட்டி" என்றான் மச்சினன். சிரிக்கவில்லை. வெல்டிங் மிஷினை இழுத்து வந்தான்.

பொறி பட்ட இடமெல்லாம் ஓட்டை பெரிதானது. "ஒட்டறதுக்கு இரும்பு வேணுமே மாமா, இங்க காத்துதான் இருக்கு." முன்பக்கம் கொஞ்சம் நல்ல தகடு இருந்தது. அதிலிருந்து பின் அச்சுவரை இரண்டு பக்கமும் இரும்புக் கோணச் சட்டத்தை வைத்து, பாதி பற்றவைத்து, மீதியைச் சங்கிலியால் சுற்றி இறுக்கினான். முடிக்கும்போது மணி மூன்று. "போகலாம். திரும்பி வருமான்னு என்னைக் கேக்காதீங்க."

பூட்டுக்காரர் பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் கையால் தடவினார். கேட்கவில்லை.

சம்சாரத்தை முன் சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்தார்கள். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள். மூன்று வார்த்தைக்கு மூன்று மூச்சு வாங்கினாள்.

"இதோ வந்துடும்" என்றார் இவர்.

ஆற்றங்கரையில் பூட்டுக்காரர் இறங்கிக்கொண்டார். ஓர் ஆள் பாரம் குறையும், அடிப்பக்கத்தையும் பார்த்துக்கொண்டு வரலாம். மச்சினன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னான்: "எது நடந்தாலும் நிறுத்துன்னு மட்டும் கத்திடாதீங்க. நின்னா அங்கேயே உக்காந்துடும்."

முழங்கால் தண்ணீரில் வண்டியோடு நடந்தார். முதல் பாறை ஏறி இறங்கியது. இரண்டாவதும். நடு ஆற்றில் பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தது. படீரென்று ஒரு சத்தம். வலதுபக்கக் கோணச் சட்டம் பிய்த்துக்கொண்டு தண்ணீரில் தொங்கியது. பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்து அமுங்கியது. சங்கிலி மட்டும் நரம்பு மாதிரி விறைத்து நின்றது.

நிறுத்து என்று கத்தப் பூட்டுக்காரர் வாய் தன்னால் திறந்தது. அவள் கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இவர் முகத்தையே பார்த்தாள். வண்டி எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேறு இடம் இல்லை.

"ஒன்னுமில்ல. போடா, போ" என்றார்.

இன்ஜின் உறுமியது. பின்தகடு பாறையில் கிறீச்சென்று உரச, வண்டி தவழ்ந்து அக்கரை ஏறியது. இவருக்காக நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. பின்பக்கம் தார்ரோட்டில் இழுபட, வளைவில் திரும்பி மறைந்தது.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். பூட்டுக்காரர் நடு ஆற்றிலேயே நின்றார். அந்த உரசல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கிறவரை வண்டி ஓடுகிறது. தண்ணீர் சலசலப்பில் அது எந்த நொடியில் நின்றது என்று அவருக்குப் பிடிபடவில்லை. தொலைவு போய்ச் சத்தம் ஓய்ந்ததா, வண்டியே நின்றுவிட்டதா, அதுவும் தெரியவில்லை. அக்கரையைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.