காறையெலும்புக்கு மேலே

பள்ளிக்கூடத்தில் அவளை எல்லாரும் பி.டி. டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இடப்பக்க மார்பை எடுத்து, மருந்தும் கதிர்வீச்சும் முடிந்து, கொட்டின முடி திரும்ப வளர்ந்ததும் நேராக மைதானத்துக்குத்தான் போனாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவளோ, சட்டைக்குள்ளே வைத்த பஞ்சுப்பொதி நழுவிவிடுமோ என்று ஒரு கையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டே ஓடினாள். வீட்டில் கணவன் முன்னால் உடை மாற்றுவதையும் விட்டுவிட்டாள்.

அடிவயிற்றுச் சதையை எடுத்து மார்பை அமைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் பிடித்த பிடியாக நின்றாள். கணவனுக்கு மனசில்லை. இன்னொரு தடவை கத்தி படவேண்டாம், நீ இருந்தாலே போதும் என்று கெஞ்சிப் பார்த்தான்.

"உங்களுக்காக இல்லைங்க. எனக்கு வேணும்," என்றாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை, அந்தப் பெண் டாக்டர் ஊதா மைப் பேனாவோடு வந்தார். படுத்தால் சதை சரிந்துவிடும் என்பதால் அவளை நிற்கவைத்தே கோடு போட்டார். தொண்டைக்குழியில் ஒரு புள்ளி. அங்கிருந்து தொப்புள்வரை நடுக்கோடு. வலது மார்பின் அடிமடிப்பு எந்த உயரத்தில் இருந்ததோ, அதே உயரத்தில் இடப்பக்கத்திலும் ஒரு வளைவு. சதையை நம்பி அளக்க முடியாது, எலும்புதான் இடம் மாறாது, எல்லா அளவும் அங்கிருந்துதான் என்று விளக்கிக்கொண்டே வரைந்தார்.

"நான் மைதானத்துல போடுற கோடு மாதிரியே இருக்கு டாக்டர். கோணலாப் போனா விசிலடிச்சிடுவேன்."

டாக்டர் சிரித்தார். கழுத்தடியில் தோள்வரை ஓடும் இடது காறையெலும்பின் நடுவைக் கண்டுபிடிக்க விரலால் தடவினார். எலும்புக்குச் சற்று மேலே போன விரல் அங்கேயே நின்றது. மறுபடி அழுத்திப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இங்க வலிக்குதா டீச்சர்?"

"இல்லையே."

டாக்டர் பேனாவை மூடினார். பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. அன்றைக்கே ஊசி வைத்துச் சோதனைக்கு எடுத்தார்கள், ஸ்கேனும் பார்த்தார்கள். சாயங்காலம் டாக்டர் தானே வந்து, நிற்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்போதே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. நோய் திரும்பியிருந்தது, நுரையீரலிலும் இருந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் கிடையாது, மருந்துதான் என்றார்.

"மருந்து முடிஞ்சதும் பண்ணிக்கலாமா?"

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா. இனிமே அது வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் கணவனை உள்ளே கூப்பிட்டு, விளக்கைப் போட்டு, சட்டையைக் கழற்றினாள். தழும்பை அவன் முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்காட்டினாள். இது நடு. இது மடிப்பு. "இங்கதாங்க வந்திருக்கும்."

அந்தக் கட்டி எங்கே என்று அவன் கேட்டான். அவள் அவன் விரலை எடுத்து வைத்தாள்.

"எத்தனை நாள் இந்தத் தோள்ல தலை வெச்சுப் படுத்திருக்கேன். எனக்குத் தெரியாமப் போச்சே," என்று சொன்னவன் அடக்கமாட்டாமல் அழுதான்.

"எனக்கே தெரியல. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவன் தலையை இழுத்து அந்த ஊதாக் கோடுகள்மேல் சாய்த்துக்கொண்டாள். அவன் கன்னத்தில் மை ஒட்டியது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

மருந்து ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. முடிந்தவரை மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பாடம் நடத்தினாள். கடைசி மாதங்களில் அவளைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டது கணவன்தான். ஒருநாள் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம், அந்த ஆபரேஷன் நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் இல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கண்ணை மூடிவிட்டாள்.